யார் செய்த குற்றம்?

பெருங்குடலில் புற்றுநோய் கண்டு, அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய நண்பர் ஒருவரைக் காணச் சென்றிருந்தேன். அங்கு வந்திருந்த ஒருவர், "இறைச்சி அதிகம் உண்பீர்களோ? மதுப் பழக்கம் உண்டோ?" என்று கேட்டார். இல்லையென்று தலையசைத்த நண்பரின் முகம் வாடியது. அதே கேள்வி என் உள்ளத்திலும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

கேள்வி பொருளற்றதன்று. உகாண்டாவில் பணியாற்றிய மருத்துவர் டெனிஸ் பர்க்கிட், நார்ச்சத்து மிகுந்த உணவை உண்ணும் ஆப்பிரிக்கச் சிற்றூர் மக்களிடம் இந்நோய் அரிதாயிருப்பதை 1971இல் எடுத்துக்காட்டினார். பதப்படுத்திய இறைச்சியை நாள்தோறும் 50 கிராம் உண்டால் இந்நோயின் ஆபத்து ஏறத்தாழ 18 விழுக்காடு உயரும் என்று, உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் அறிவித்தது. மது, புகை, உடற்பருமன், உடலுழைப்பின்மை ஆகியனவும் ஆபத்தை உயர்த்துவனவே.

ஆனால், 18 விழுக்காடு என்றால் நூறு பேருள் 18 பேர் அல்லர். வாழ்நாளில் நூற்றுக்கு 5 பேர் நோயுறும் ஒரு சமுதாயத்தில் அத்தொகை ஏறத்தாழ 6 ஆகும் என்பதே பொருள். அந்த அறுவருள் ஐவர், அவ்விறைச்சியைத் தொடாதிருப்பினும் நோயுற்றிருப்பர். ஆறாமவர் யார்? எந்த மருத்துவராலும் சுட்டிக்காட்ட இயலாது. லிஞ்ச் நோய்க்கூறு உடையோர்க்கோ இந்த ஆபத்து பெற்றோர்வழி மரபணுவிலேயே வந்துவிடுகிறது.

பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், பாவம் அவனுடையதா, பெற்றோருடையதா என்று ஆண்டவரிடம் கேட்டனர். அவர் இரண்டையும் மறுத்தார். நாமோ இன்றும் அதையே கேட்கிறோம். பாவத்தின் இடத்தில் பழக்கத்தை வைத்துவிட்டோம், அவ்வளவே! நோயாளியிடம் ஒரு குற்றத்தைக் கண்டுவிட்டால், அதைச் செய்யாத நமக்கு அச்சமில்லை அன்றோ? நாள்தோறும் நடப்பதும் கீரையும் முழுத்தானியமும் உண்பதும் நன்றே. அவை ஆபத்தைக் குறைக்கும். குறைப்பது வேறு, நீக்குவது வேறு.

இப்புற்று பெரும்பாலும் குடலின் உட்சுவரில் ஒரு சிறு முளையாகத் தோன்றி, புற்றாக மாறப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. குடலை உள்நோக்கிப் பார்க்கும் சோதனையில் கண்டால், அப்போதே அதை அகற்றிவிடலாம்.

மற்றவர்கள் சென்றபின் நண்பர் மெல்லச் சொன்னார்: "ஆறு மாதமாக மலத்தில் இரத்தம் கண்டேன். சொன்னால், என்ன தின்றாய், என்ன குடித்தாய் என்பார்களே என்று வீட்டிலும் சொல்லவில்லை."