மும்மாரி பொழிந்த காலம்: ஏடும் அறிவியலும்

நீதி தவறாத நாட்டில் திங்கள்தோறும் மும்மாரி பொழிந்ததை அகிலத்திரட்டு அம்மானை சொல்கிறது. திருஏடு வாசிப்பில் அந்த இடம் வரும்போது பெரியவர்கள் நெஞ்சுருகிக் கேட்கிறார்கள். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளோ, "அப்படி மழை பெய்த காலம் உண்மையாகவே இருந்ததா? அறிவியல் இதை ஏற்குமா?" என்று கேட்கிறார்கள். இப்படிக் கேட்கும் பிள்ளையை அதட்டி உட்கார வைக்கக் கூடாது. நேர்மையான கேள்விக்கு நேர்மையான பதில் சொல்வதும் தர்மமே.

முதலில் அறிவியல் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். மேகாலயாவில் மவ்ம்லூ என்றொரு குகை இருக்கிறது. அதன் கூரையிலிருந்து சொட்டும் நீர், தரையில் படலம் படலமாகக் கல்லாகிறது. ஒவ்வொரு படலத்திலும் அந்தந்தக் காலத்து மழையின் அடையாளம் பதிந்திருக்கிறது. இத்தகைய குகைகளையும், ஏரிச் சேற்றையும், அரபிக்கடலின் அடிமண்ணையும் ஆராய்ந்தவர்கள், சுமார் 9,000 முதல் 6,000 ஆண்டுகளுக்கு முன்பு பருவமழை இன்றைவிட வலுவாக இருந்தது என்று கண்டார்கள். இன்று பூமி சூரியனை மிக நெருங்குவது ஜனவரி மாதத்தில். அக்காலத்திலோ அந்த நெருக்கம் வடபாதியின் கோடையை ஒட்டி அமைந்தது. அதனால் நிலம் கூடுதலாகச் சூடேறி, கடற்காற்றை அதிகமாக இழுத்தது. சகாரா பாலைவனத்தில்கூட அப்போது ஏரிகளும் புல்வெளிகளும் இருந்தன. பின்னர் மழை மெல்லக் குறைந்தது. சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பு நெடுங்கால வறட்சி வந்தது.

அப்படியானால், "ஏட்டில் உள்ளதை அறிவியல் நிரூபித்துவிட்டது" என்று நாம் மேடையில் முழங்கலாமா? கூடாது. வளமான மழைக்காலம் ஒன்று இருந்ததை அந்தக் கல் காட்டுகிறது. மாதத்துக்கு மூன்று மழை என்ற கணக்கை அது காட்டவில்லை. மழை பெருகியதற்கு அது சொல்லும் காரணம் பூமியின் பாதை; அரசனின் செங்கோல் அதில் வரவில்லை. அந்த ஆண்டுகளை ஏடு சொல்லும் யுகங்களோடு பொருத்தவும் வழியில்லை. ஆய்வு முடிவுகள் நாளை திருத்தப்படலாம். அய்யாவின் வாக்கை அவற்றில் தொங்கவிட்டால், அவை மாறும் நாளில் நம் பிள்ளைகளின் நம்பிக்கையும் ஆடிப்போகும்.

ஏட்டில் மழையும் நீதமும் ஏன் சேர்ந்தே வருகின்றன என்பதைச் சிந்திப்போம். அரிகோபாலன் சீடர் ஏட்டை எழுதிய 1841-ஆம் ஆண்டில் தென்திருவிதாங்கூர் எப்படி இருந்தது? தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் மண் அது. வானம் வஞ்சிக்கவில்லை. ஆனாலும் பனையேறியின் தலைக்கு வரி, அவன் ஏறும் பனைக்கு வரி, கூலியில்லா ஊழியம். ஊர்ப் பொதுக்கிணற்றில் அவன் தண்ணீர் எடுக்க முடியாது. எல்லார்க்கும் பொதுவாகப் பெய்த மழை, கிணற்றுக்குள் போனதும் சிலருக்கு மட்டும் சொந்தமாயிற்று. அதனால்தான் அய்யா வைகுண்டர் சுவாமித்தோப்பில் முத்திரிக்கிணறு கண்டு, எல்லாச் சாதியாரும் ஒன்றாக நீர் எடுக்கவும் குளிக்கவும் செய்தார்கள். மும்மாரியின் பொருள் அந்தக் கிணற்றில் இருக்கிறது. பெய்த நீர் எளியவனின் குடத்துக்கும் வந்து சேரும் நாடே மும்மாரி பெய்யும் நாடு.

பின்னாளில் வந்த தாது வருடப் பஞ்சமும் இதையே காட்டியது. 1876-ல் பருவமழை பொய்த்ததற்குப் பசிபிக் பெருங்கடல் அளவுக்கு மீறிச் சூடானது காரணம் என்று இன்று அறிகிறோம். ஆனால் சென்னை மாகாணத்தில் மக்கள் பட்டினியால் மடிந்தபோதும் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறிப் போய்க்கொண்டிருந்தது. மழையைத் தடுத்தது கடல். சோற்றைத் தடுத்தது அநீதம்.

மனிதர் செய்கைக்கும் மழைக்கும் தொடர்பே இல்லை என்று அறிவியலும் இன்று சொல்வதில்லை. நிலக்கரியும் எண்ணெயும் எரித்த புகையால் பூமி சூடேறிவிட்டது. காற்று ஒரு டிகிரி கூடுதலாகச் சூடானால் சுமார் 7 சதவீதம் அதிக ஈரத்தைத் தாங்கும்; பெய்யும்போது கொட்டித் தீர்க்கும். அய்யா அவதரித்த திருச்செந்தூருக்குப் பக்கத்திலுள்ள காயல்பட்டினத்தில் 2023 டிசம்பரில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஓர் ஆண்டில் பெய்ய வேண்டியதைவிட அது அதிகம். இப்படிப்பட்ட பெருமழைகள் இனி அடிக்கடி வரும் என்று அறிவியல் எச்சரிக்கிறது.

இங்கே ஒரு சொல்லை நாம் அடக்க வேண்டும். வெள்ளத்தில் வீடிழந்தவரைப் பார்த்தும், 2017-ல் ஒக்கிப் புயலில் மகனைக் கடலுக்குக் கொடுத்த தாயைப் பார்த்தும், "கலியின் பாவம், அதனால் வந்தது" என்று சொல்லிவிடாதீர்கள். புகையை விட்டவர் ஒருவர், வீட்டை இழந்தவர் வேறொருவர். அடிபட்டவர்மேல் பழி சுமத்துவது கலியின் வேலை. அவரைத் தாங்குவதே தர்மம்.

ஆகவே மக்களே, உங்கள் பிள்ளை மீண்டும் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்: "பழைய மழை எவ்வளவு என்பதை அறிவியலிடம் கேள். பெய்த மழையை என்ன செய்வது என்பதை ஏட்டிடம் கேள்." பிறகு அந்தப் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போய், ஊர்க் குளத்தைத் தூர்வாருங்கள். ஓடைமேல் கட்டிய சுவர் நம்முடையதாக இருந்தால் நாமே இடிப்போம். மழை மிஞ்சும் இரவில் நிழல்தாங்கலின் கதவு எந்தச் சாதியாருக்கும் எந்த மதத்தாருக்கும் திறந்திருக்கட்டும், அடுப்பும் எரியட்டும்.

தர்மயுகம் மலரும் என்று நம்புகிற நாம், அதற்கேற்ற நீதத்தை இன்றே நம் ஊரில் நடத்துவோம்.

அய்யா உண்டு.