பிதிர்க்கடனும் பிறந்த மண்ணும்

பிறந்த மண்ணில் அடக்கம் பெறாதவனுக்கு நற்கதி உண்டா என்ற வினா, நியூஸிலாந்தின் ஓட்டாகோ தங்கவயல்களில் உழைத்து மாண்ட சீனர்களுக்கு ஏட்டளவில் நின்ற தத்துவ விசாரம் அன்று. சிங்மிங் நாளில் சமாதியைத் துப்புரவு செய்து படையலிடச் சந்ததி இல்லாதவன் பசித்த ஆவியாய் அலைவான் என்பது அவர்களது குலபரம்பரையான நம்பிக்கை. அத்தகைய அநாதை நிலையை அவர்களாக விரும்பி ஏற்கவும் இல்லை. 1881-இல் சீனர் தலைக்குப் 10 பவுன் என்று விதித்த வரியை 1896-இல் 100 பவுனாக உயர்த்திய அரசாங்கம், கணவன் தென்கடல் தீவிலும் மனைவி மக்கள் குவாங்துங் கிராமத்திலுமாக ஒரே குடும்பத்தை இரு தேசங்களில் பிரித்து வைத்தது. உயிரோடு கூடி வாழ முடியாதவர்கள், எலும்பாகவேனும் ஊர் போய்ச் சேர வழிதேடினார்கள்.

டனீடின் நகர வணிகர் சோயி சூ ஹோய், தம் பன்யூ மாவட்டத்தாரின் சங்கத்தை முன்னின்று நடத்தி, 1883-இல் 230 பேருடைய அஸ்தியைத் தாயகம் அனுப்பிவைத்தார். புதைகுழிகளைத் தோண்டி, எலும்புகளைச் சுத்தம் செய்து, துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து, இன்னார் என்று குறித்து அனுப்பும் அந்தப் பணியை நான் யாகத்துக்கு நிகராகவே மதிக்கிறேன். 1901-இல் அவரும் காலமானார்; மகன் கம் போய் டனீடினிலேயே தங்கி வியாபாரத்தை நடத்த, தந்தையின் உடல் மறுவருஷம் அக்டோபரில், மொத்தம் 499 பேருடைய சடலங்களோடும் எலும்புகளோடும், வென்ட்னர் என்ற கப்பலில் புறப்பட்டது. தாரநாகி கரையோரம் பாறையில் மோதிய அக்கப்பல், ஹொக்கியாங்கா முகத்துவாரத்துக்கு அப்பால் மூழ்கிப்போயிற்று.

பன்யூவில் காத்திருந்த இல்லங்கள் செய்யக் கருதிய கர்மம் வீணாயிற்றா? ஆவிகளைப் பற்றிப் பேசத் தயங்கிய கன்பூசியஸே, பிதிரர் எதிரில் இருப்பதாகப் பாவித்துப் படைக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர். ஆகவே, படையலுக்கு உயிர் தருவது குழியில் கிடக்கும் எலும்பு அன்று, படைப்பவனுடைய சிரத்தையே என்று அவர் வழியில் நின்று சமாதானம் சொல்லலாம். ஆயினும், கணவன் முகத்தை ஆண்டுக்கணக்கில் காணாது, அவன் எலும்பையாவது எதிர்பார்த்திருந்த ஒருத்தியிடம் இந்தச் சமாதானத்தைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. சிரத்தைக்கும் கைதொட ஒரு மண்மேடு வேண்டியிருக்கிறது.

அந்த மண்மேட்டை அமைத்தவர்கள், எவ்வித உறவுமற்ற மாவோரி மக்கள். மூத்தோர் எலும்பைப் புனிதமாகப் போற்றும் தெ ரோரோவா, தெ ராராவா குலத்தார், கரையில் ஒதுங்கிய எச்சங்களை எடுத்து அடக்கம் செய்து, அந்த இடங்களின் நினைவைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக் காத்தார்கள். 2013-இல் சீன வம்சாவளியினர் அங்கே சென்று நன்றி செலுத்தினார்கள். நீத்தார் கடன் இரத்த உறவுக்கு மட்டுமே உரியது என்று விதிக்கும் சாஸ்திரம் எதுவாயினும், இந்தக் கரையில் அது குறைபட்டே நிற்கிறது; எதிர்ப்பட்ட பிரேதத்தின் முன் நிற்பவன் எவனோ, அந்தக் கணத்தில் அவனே புத்திரன்.

சுமார் 150 மீட்டர் ஆழத்தில் கப்பலின் சிதைவு இன்று கண்டறியப்பட்டிருக்கிறது. உள்ளே எஞ்சியோரை மேலே கொணர்வதா என்ற கேள்வி எழும்போது, வேண்டாம் என்பதே என் கட்சி: பன்யூவில் அவர்களை எதிர்பார்த்திருந்தவர்கள் மறைந்துபோனார்கள், படையலிட வரும் பேரப்பிள்ளைகளோ இந்தக் கடலின் கரையிலேயே குடியிருக்கிறார்கள்.