நேரலைப் பதிவுகளின் அழிவும் காத்தலின் அறமும்

முன்னுரை

2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில் கல்வி நிறுவனங்கள் மூடப்பட்டபோது, தமிழ்த்துறைகள் பலவும் இணையவழிக் கருத்தரங்குகளையும் தொடர் பொழிவுகளையும் நடத்தத் தலைப்பட்டன. அவற்றுட் பல முகநூலிலும் யூடியூபிலும் நேரலையாக ஒளிபரப்பப்பட்டன. பயணம் செய்ய இயலாத மூத்த அறிஞர்களும், கல்லூரி மேடைகளுக்கு அழைக்கப்பெறாத நாட்டார் கலைஞர்களும் தம் வீட்டிலிருந்தே பேசினர், பாடினர். ஒளிபரப்பு முடிந்ததும் பதிவு தானாகவே தளத்தில் தங்கியமையால், அஃது என்றும் அங்கே இருக்கும் என நடத்தியோரும் கேட்டோரும் எண்ணினர்.

அவ்வெண்ணம் பிழைபட்டது என்பது 2025இல் தெளிவாயிற்று. முகநூலை நடத்தும் மெட்டா நிறுவனம், 2025 பிப்ரவரி 19 முதல் ஒளிபரப்பாகும் நேரலைகள் 30 நாள் மட்டுமே தளத்தில் இருக்கும் என்றும், அதற்கு முற்பட்ட பதிவுகளும் நீக்கப்படும் என்றும் அறிவித்தது. பழைய பதிவுகளை, அறிவிப்புக் கிடைத்ததிலிருந்து 90 நாளுக்குள் கணக்கிற்குரியவர் பதிவிறக்கிக் கொள்ளலாம். வேண்டின் அக்கெடுவை ஆறு மாதம் ஒத்திவைக்கலாம். இவ்வாறு காலக்கெடுவுக்கு உட்பட்ட ஒரு பதிவைக் காத்தல் கடமையா, விருப்பமா? பேசியவரின் இசைவின்றிக் காத்தல் தகுமா? இவ்விரு வினாக்களையும் அறநோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு நிகழ்வு

2020இல் நடந்த ஓர் இணையவழிக் கருத்தரங்கில், குமரி மாவட்டத்தைச் சேர்ந்த முதிய வில்லுப்பாட்டுக் கலைஞர் ஒருவர் தம் வீட்டுத் திண்ணையிலிருந்து கைபேசி வழியாக ஏறத்தாழ ஒரு மணி நேரம் உரையாடினார். முத்துப்பட்டன் கதையைத் தம் ஆசிரியர் பாடிய முறைக்கும் அச்சுப் படிகளுக்கும் உள்ள வேறுபாடுகளை ஒவ்வொன்றாகப் பாடிக் காட்டினார். திருவனந்தபுரத்திலிருந்து இக்கட்டுரையாளரும் அதனைக் கேட்டார். இடையில் ஒரு பகுதியைப் பற்றிக் கேட்டபோது அவர் சற்றுத் தயங்கினார். அது கோயிற்கொடையில், உரிய வேளையில் பாடவேண்டியது. கேட்பவர்கள் ஆராய்ச்சியாளர்கள் என்பதால் சில அடிகள் மட்டும் சொல்வதாகவும், அதை வெளியே பரப்ப வேண்டா என்றும் கூறிப் பாடினார். அப்போதே அது பலர் பார்க்கும் நேரலையாகச் சென்றுகொண்டிருந்தது என்பதை அவர் அறிந்திருந்தாரெனத் தோன்றவில்லை.

அக்கலைஞர் இன்று இல்லை. 2025இன் இறுதியில் அவ்வேறுபாடுகளை மீண்டும் கேட்க விரும்பித் தேடியபோது பதிவும் இல்லை. கணக்கைக் கையாண்ட ஆசிரியர் ஓய்வு பெற்றுவிட்டதால், வந்த அறிவிப்பை எவரும் திறந்து பார்க்கவில்லை. கேட்டவர்களுள் எவரும் படியெடுத்து வைக்கவில்லை. இக்கட்டுரையாளரிடம் எஞ்சியது ஒரு பக்கக் குறிப்பே. ஆக, அக்கலைஞருக்கு இழைக்கப்பட்ட தவறுகள் இரண்டு. காட்டவேண்டா என்று அவர் சொன்னது எல்லோர்க்கும் காட்டப்பட்டது. காக்கவேண்டி அவர் தந்தது எவரிடமும் இல்லாமற் போயிற்று. இவ்விரு தவறுகளும் ஒரே குழப்பத்திலிருந்து பிறந்தவை என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

இன்மையின் வகைகள்

தருக்க நூலார் இன்மையை நான்காகப் பகுப்பர். பொருள் தோன்றுமுன் உள்ள இன்மை, அது அழிந்தபின் உள்ள இன்மை, எக்காலத்தும் இன்மை, ஒன்று மற்றொன்றாக இன்மை என்பன அவை. சிவஞான முனிவர் தருக்கசங்கிரகத்தைத் தமிழாக்கியமையால் இப்பகுப்பு தமிழ் மாணாக்கர்க்கும் நெடுங்காலமாக அறிமுகமானது. தோன்றுமுன் உள்ள இன்மைக்குத் தொடக்கம் இல்லை, முடிவு உண்டு. அழிந்தபின் உள்ள இன்மைக்குத் தொடக்கம் உண்டு, முடிவு இல்லை என்பர்.

இவ்வேறுபாடு நம் வினாவுக்குப் பெரிதும் பயன்படுகிறது. பதிவு செய்யப்படாத எத்தனையோ பாட்டுகள் மறைந்துள்ளன. அவற்றுக்காக வருந்தலாம், எவரையும் பொறுப்பாக்க இயலாது. பதிவு செய்யப்பட்டுப் பின் இல்லாமற் போனதன் நிலை வேறு. அவ்வின்மைக்கு ஒரு தொடக்கம் உண்டு. தொடக்கம் உள்ளதற்கு ஒரு காரணம் உண்டு. அக்காரணத்தை விலக்கும் ஆற்றல் எவரிடம் இருந்ததோ அவரிடம் பொறுப்பும் உண்டு. 90 நாள் அவகாசம் இருந்தது என்பது, அழிவு தடுக்கத்தக்கதாக இருந்தது என்பதற்கான சான்றேயாகும்.

நேரலைக் காட்சிகளுட் பெரும்பாலானவை முதற் சில வாரங்களிலேயே பார்க்கப்படுகின்றன என்பது மெட்டா நிறுவனம் கூறிய காரணம். வணிக நோக்கில் அது பொருந்தலாம். ஆனால் பார்த்தவர் தொகையால் பொருளின் மதிப்பை அளந்தால் ஆராய்ச்சி என ஒன்று இராது. பாசனுடையவை எனக் கருதப்படும் 13 நாடகங்களை டி.கணபதி சாஸ்திரி 1912 முதல் திருவனந்தபுரம் சமஸ்கிருத நூல்வரிசையில் வெளியிட்டார். அதற்குமுன் கேரளத்திற்கு வெளியே இருந்த அறிஞர் உலகம் அவற்றை இழந்தனவாகவே கருதியிருந்தது. பார்ப்பவர் அருகிய காலத்திலும் ஏடுகளை விடாது படியெடுத்தவர்களாலேயே அவை நமக்குக் கிடைத்தன. ஆவணத்தின் மதிப்பு காலம் செல்லச்செல்ல வளர்வது. தளங்களின் கணக்கோ காலம் செல்லச்செல்லக் குறைவது. இரண்டும் எதிர்த்திசையில் இயங்குவதால், காக்கும் பொறுப்பைத் தளத்திடம் ஒப்படைத்தல் இயலாததாகும்.

திருவனந்தபுரத்தின் இரு படங்கள்

காத்தல் பற்றிய சிந்தனைக்குத் திருவனந்தபுரத்தின் திரைப்பட வரலாறு இரு சான்றுகளைத் தருகிறது. முதலாவது, ஜே.சி.டேனியல் எடுத்த ‘விகதகுமாரன்’ என்னும் மௌனப்படம். இது கேப்பிட்டல் திரையரங்கில் முதன்முதல் திரையிடப்பட்டது. ஆண்டு 1928 என்றும் 1930 என்றும் இருவேறாகக் கூறுவர். தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பெண்ணாகிய பி.கே.ரோசி அதில் நாயர் குலப் பெண்ணாக நடித்தமை பொறாது ஆதிக்கச் சாதியினர் கலகம் விளைவித்தனர். ரோசி ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. படச்சுருளும் எஞ்சவில்லை.

இரண்டாவது, சி.வி.ராமன் பிள்ளையின் புதினத்தைத் தழுவி, நாகர்கோவிலைச் சேர்ந்த ஆர்.சுந்தர்ராஜ் தயாரிப்பில் பி.வி.ராவ் இயக்கிய ‘மார்த்தாண்ட வர்மா’. 1933இல் இது திரையிடப்பட்டபோது, புதினத்தின் உரிமை பெற்ற கமலாலயா புத்தக நிலையம் வழக்குத் தொடுத்ததால் காட்சிகள் நின்றன. படச்சுருள் பதிப்பகத்தாரிடம் முடங்கிக் கிடந்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப்பின், 1974இல் அது கண்டெடுக்கப்பட்டுப் புனேயிலுள்ள தேசியத் திரைப்படக் காப்பகத்தைச் சேர்ந்தது.

இவ்விரண்டையும் ஒப்பிட்டால் வியப்பானதோர் உண்மை புலப்படும். காட்டுவதற்குத் தடை விதிக்கப்பட்ட படமே எஞ்சியது. தடை அதனை மக்கள் கண்ணிலிருந்து மறைத்தது, ஆனால் அழிக்கவில்லை. உரிமையாளர் அதனைக் காக்க எண்ணினார் என்று கூறவியலாது. எனினும் காட்டாமலே ஒரு பொருளைக் காக்கமுடியும் என்பதற்கு அது கண்கூடான சான்று. மறுபுறம், ‘விகதகுமாரன்’ அழிந்ததால் அதிகம் இழந்தவர் ரோசியே. அவருக்கு இழைக்கப்பட்ட கொடுமையைப் பேச வரலாறு இருக்கிறது. அவருடைய நடிப்பைக் காணப் படம் இல்லை. அழிவு எல்லோரையும் ஒன்றுபோல் தாக்குவதில்லை. நூலும் பட்டமும் பதவியும் உடையவர்க்கு வேறு சுவடுகள் உண்டு. ஒரேயொரு பதிவை மட்டுமே உடையவர் அதனோடு முழுவதும் மறைகிறார். மேற்குறித்த வில்லுப்பாட்டுக் கலைஞரும் அத்தகையவரே.

எதிர்வாதங்கள்

காத்தலுக்கு எதிராகக் கூறப்படுவன புறக்கணிக்கத்தக்கன அல்ல. நிகழ்த்துகலையின் இயல்பே நிகழ்ந்து மறைதல் என்பது முதல் வாதம். கொடையில் பாடப்படும் பாட்டு அவ்விடத்திற்கும் அவ்வேளைக்கும் உரியது. அதனைப் பெயர்த்தெடுத்துச் சேமித்தல் அதன் உயிரைக் குலைக்கும் என்பர். இது பதிவு செய்வதற்கு முன் எழுப்பவேண்டிய வினாவாகும். பதிந்து, பரப்பி, பயன்கொண்ட பின் மறைதலின் அழகைப் பேசுவது, அலட்சியத்திற்குத் தத்துவப் போர்வை போர்த்துவதாகவே முடியும்.

மறக்கப்படும் உரிமை என்பது இரண்டாவது வாதம். ஒருவர் பேசிய ஒரு சொல் அவரை வாழ்நாள் முழுதும் துரத்துதல் கூடாது. தனியுரிமை அடிப்படை உரிமை என 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. 2018இல் நீதிமன்ற நடவடிக்கைகளை நேரலையாக ஒளிபரப்ப அந்நீதிமன்றமே இசைந்தபோதும், எல்லா வழக்குகளையும் அவ்வாறு காட்டலாம் என்று கூறவில்லை. இவ்வாதம் வலிமையானது. ஆயின், மறக்கப்படும் உரிமை உரியவர் கோருவதற்கு உரியது. ஒரு நிறுவனத்தின் நாட்காட்டி அவர் சார்பாகக் கோருவதற்கு உரியதன்று. ரோசி தாம் நடித்ததை வெளிக்காட்டாது தமிழகத்தில் வாழ்ந்தார் எனக் கூறப்படுகிறது. அம்மறைவு அவர் விரும்பித் தேர்ந்ததா, அச்சத்தால் நேர்ந்ததா என்று கேளாமல் அதனை மறக்கப்படும் உரிமை என்று அழைக்கவியலாது.

மூன்றாவது, பதிப்புரிமை பற்றியது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துநர்க்கு 50 ஆண்டு உரிமை அளிக்கிறது. ஆராய்ச்சி உட்பட்ட தனிப் பயனுக்கான நேரிய பயன்பாட்டிற்கும் இடம் தருகிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம், வணிக நோக்கமற்ற பொது நூலகங்கள் ஒரு படைப்பைக் காத்தற்பொருட்டு மின்வடிவில் சேமிக்கலாம் என்கிறது. ஆனால் அப்படைப்பின் மின்வடிவமல்லாத படி ஒன்று நூலகத்தில் முன்னரே இருத்தல் வேண்டும். நேரலை மின்வடிவிலேயே பிறப்பது. அதற்கு வேறு படி இல்லை. 1954ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டமும் நூல்களையும் இதழ்களையும் கருதி எழுந்ததேயாகும். ஆகவே அச்சிட்ட சிறு துண்டறிக்கைக்குக் கிடைக்கும் காப்பு, ஓர் அறிஞரின் ஒரு மணிநேர உரைக்குக் கிடைப்பதில்லை. சட்டத்தின் இவ்விடைவெளியை நிரப்பவேண்டியது அறமேயாகும்.

காத்தலும் காட்டலும்

இவ்வாதங்களைத் தொகுத்து நோக்கினால், அவை பெரும்பாலும் காட்டலுக்கு எதிரானவையே அன்றிக் காத்தலுக்கு எதிரானவை அல்ல என்பது தெளிவாகும். இணையத் தளங்கள் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிட்டன. தளத்தில் இருப்பது எல்லோர்க்கும் தெரியும். தெரியாதது தளத்தில் இராது. இதற்குப் பழகிய நாமும், காட்டினால் காத்ததாகவும், காட்டக்கூடாதது அழியவேண்டியதாகவும் எண்ணத் தொடங்கிவிட்டோம். முன்னர்க் குறித்த குழப்பம் இதுவே. அக்கலைஞர் வேண்டியது பரப்பாமையை, அழிவை அன்று. தம் ஆசிரியரின் பாடத்தை ஆராய்ச்சியாளரிடம் ஒப்படைத்தது, அது நிலைக்கவேண்டும் என்னும் விருப்பத்தாலேயே. ஒப்படைத்ததைப் பூட்டி வைத்திருந்தால் அவர் சொல்லையும் காத்திருக்கலாம், பாட்டையும் காத்திருக்கலாம்.

கேட்பவர்க்கும் இதில் பங்குண்டு. பி.பி.சி. நிறுவனம் 1960களில் ஒளிபரப்பிய ‘டாக்டர் ஹூ’ தொடரின் பல பகுதிகளை அழித்தது. காட்சிகள் போயினும், நேயர்கள் வீட்டிலிருந்து பதிந்துவைத்த ஒலிநாடாக்களால் அப்பகுதிகளின் ஒலி முழுவதும் இன்று கிடைக்கிறது. அவர்களிடம் எவரும் அப்பணியை ஒப்படைக்கவில்லை. உரிமையாளர் கைவிட்ட இடத்தில் கேட்டவர் காவலராயினர்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு. ஒருவரைப் பேச அழைத்துப் பதிவு செய்தவர்க்கு அப்பதிவைக் காத்தல் விருப்பமன்று, கடமை. அக்கடமை தனியொருவரின் கணக்கோடு முடியாது, துறையையும் நூலகத்தையும் சார்தல் வேண்டும். பதிவு நிகழும் என்பதையும் அஃது எங்கே, எவர் பார்க்குமாறு இருக்கும் என்பதையும் பேசுவோர்க்கு முன்னரே அறிவித்து இசைவு பெறுதல் வேண்டும். மூலப்படியைப் பெயர், நாள், இடம், பொருட்குறிப்பு ஆகியவற்றோடு வெவ்வேறிடங்களில் இரு படிகளாக வைத்தல் வேண்டும். வெளியிடத் தகாதவற்றை மூடிய தொகுப்பாகக் காத்து, தகுதியுடையார் கேட்கும்போது மட்டும் தருதல் வேண்டும். ஒன்றை அழிக்க நேரின், அதனை ஒருவர் எண்ணிப் பார்த்து, காரணம் எழுதி, கையொப்பமிட்டு அழித்தல் வேண்டும். அழித்தல் தவறு என்பதன்று இதன் கருத்து; எவரும் முடிவு செய்யாமலே ஒன்று அழிந்துபோதல் தவறு என்பதே.

இக்கட்டுரையாளரிடம் உள்ள ஒரு பக்கக் குறிப்பில், அக்கலைஞர் பரப்ப வேண்டா என்ற அடிகள் இல்லை. அவற்றைப் பாடியபோது எழுதுகோலைக் கீழே வைத்துக் கேட்டது மட்டும் நினைவிருக்கிறது. பதிவு இருக்கிறதே என்னும் எண்ணமே அன்று எழுதாமைக்குக் காரணம். இன்றும் பல துறைகளின் பக்கங்களில், அறிவிப்புக்குக் காத்திருக்கும் உரைகள் இருக்கக்கூடும். அவற்றைப் பதிவிறக்க ஒரு பிற்பகல் போதும்.