தொட்டிலும் படமும்

திருகோணமலைக் கோணேசர் கோயிலில் மரக்கிளைகளில் சின்னச் சின்னத் தொட்டில்கள் தொங்கும். பிள்ளை வரம் கேட்டுக் கட்டியவை. போன நவராத்திரிக் கண்காட்சிக்கு என் சித்திர வகுப்புப் பிள்ளை ஒருத்தி அந்த மரத்தை வரைந்தாள். மரத்தடியில் ஒரு தாய். மடியில், காணாமல் ஆக்கப்பட்ட மகனின் சட்டம் போட்ட படம். மேலே ஆடும் தொட்டிலின் நிழல் அந்தக் கண்ணாடியில் விழுவதை நீலப் பஸ்டலால் தேய்த்திருந்தாள். கோபுரம் மூலையில் விரலளவுதான். "தலைப்பு பக்தி. இது அரசியல்" என்று நடுவர்கள் ஒதுக்கிவிட்டார்கள்.

உட்துறைமுகம் தெரியும் என் வீட்டு விறாந்தையில் அன்றிரவு நெடுநேரம் இருந்தேன். பிள்ளைக்காக ஏங்கித் தொட்டில் கட்டுவது பக்தி என்றால், பெற்று வளர்த்த பிள்ளைக்காக ஏங்குவது மட்டும் எப்படி அரசியலாகும்?

அப்போது வங்க ஓவியர் இருவர் நினைவுக்கு வந்தார்கள். சாந்திநிகேதன் இந்தி பவனத்தில் பினோத் பிகாரி முகர்ஜி மூன்று சுவர்களில் மத்தியகால அடியார்களை வரைந்தார். அது 1946-47. வங்காளத்தில் மதக்கலவரம் இரத்தம் குடித்த காலம். அவருடைய ஓவியத்தில் இராமானுசரும் உண்டு, முஸ்லிம் நெசவாளர் வீட்டில் வளர்ந்த கபீரும் உண்டு. ஒருவரும் முகில்மேல் நிற்கவில்லை. உழைக்கிற சனத்துக்குள் சனமாக இருக்கிறார்கள். அடியாரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஈரச் சுண்ணாம்பு காய்வதற்குள் நிறம் ஏற வேண்டிய வேலை அது. அதைச் செய்தவருக்கு ஒரு கண் தெரியாது, மற்றதும் மங்கல். பத்து வருடமளவில் அதுவும் போயிற்று.

மற்றவர் சித்தபிரசாத். அவர் சாமிப்படக்காரர் அல்லர். 1943 வங்காளப் பஞ்சத்தில் மிட்னாபூர் ஊர்களில் நடந்து, பட்டினி கிடந்தவர்களைக் கறுப்பு மையில் வரைந்தார்; அவர்களின் பெயர்களையும் குறித்துவைத்தார். அவை புத்தகமாக வந்தபோது அதன் பிரதிகளை வெள்ளைக்கார அரசு பறித்து அழித்தது. சாகக் கிடப்பவரிடம் குனிந்து பெயர் கேட்ட அந்த மனிதரை நான் அடியார் வரிசையில்தான் வைப்பேன்.

மனம் ஆறத்தானே கோயிலுக்கு வருகிறார்கள், அங்கே துக்கம் எதற்கு என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் ஆறுவதற்கு வருகிற மனம் துக்கத்தைச் செருப்போடு வாசலில் கழற்றி வைப்பதில்லை.

இந்த நவராத்திரிக்கும் அதே படத்தைத்தான் அனுப்புகிறேன். நடுவராக அமரும் ஆசிரியர்களே, கோபுரத்தைத் தேடுமுன் அந்தத் தாயின் மடியை ஒருதரம் பாருங்கள். பிறகு புள்ளி போடுங்கள்.