தாமதத்தை மறைக்கலாமா?

ஒரு பொருளின் மெத்தடை அழைக்க நாம் எழுதுவது ஒரே ஒரு வரி. அந்த வரி நினைவகத்திலிருந்து ஓர் எண்ணை எடுத்து வரலாம். கடலடிக் கேபிள் வழியே வேறொரு கண்டத்துச் சர்வரைக் கேட்டும் வரலாம். முன்னது நொடியில் கோடியில் ஒரு பங்கில் முடிந்துவிடும். பின்னதற்கு நொடியில் பத்தில் ஒரு பங்காவது வேண்டும். பத்து லட்சம் மடங்கு வித்தியாசம் இருந்தும், எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன.

இந்த ஒற்றுமையை ஒரு காலத்தில் சாதனையாகவே கருதினோம். தொலைவில் உள்ள பொருளும் பக்கத்தில் உள்ள பொருளும் வேறுபாடின்றித் தெரிய வேண்டும் என்பது பொருள்சார் நிரலாக்கத்தின் பெருங்கனவு. 1994இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸின் ஜிம் வால்டோவும் சகாக்கள் மூவரும் எழுதிய ஆய்வுக்கட்டுரை அந்தக் கனவை நேராகவே மறுத்தது. தாமதமும், ஒரு பகுதி இயங்க மறு பகுதி செயலிழந்து நிற்கும் தோல்வியும் இயற்கையிலேயே உள்ளவை. எந்த இடைமுகமும் அவற்றைப் பூசி மறைக்க முடியாது என்றார்கள்.

மறைத்தால் விளைவது என்ன? பயனர் பொத்தானைத் தொடுகிறார். திரையை வரைய வேண்டிய த்ரெட், பதிலுக்காக உறைந்து நிற்கிறது. ஆண்ட்ராய்டில் ஐந்து நொடி கடந்தால் செயலி பதிலளிக்கவில்லை என்று சிஸ்டமே அறிவித்துவிடுகிறது. மெத்தடை எழுதியவர் சொல்லாமல் விட்ட உண்மைக்கு, அவரை ஒருபோதும் பார்த்திராத ஒருவர் தம் நேரத்தைக் கொடுக்கிறார். 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது, 50 மில்லிநொடிக்கு மேல் ஆகக்கூடிய செயல்களை ஒத்திசைவற்ற வடிவில், அதாவது அழைத்தவரைப் பதிலுக்காக நிறுத்தி வைக்காத வடிவில் மட்டுமே தருவது என்று அதன் வடிவமைப்பாளர்கள் முடிவெடுத்தார்கள். அதை நான் அறம் சார்ந்த முடிவாகவே பார்க்கிறேன்.

அப்படி நிறுத்தி வைக்காத அழைப்பு, பதிலுக்குப் பதில் வேறொன்றை உடனே கையில் தர வேண்டும். தையற்கடையில் துணி கொடுத்தால் கையில் ஒரு சீட்டு கிடைக்கிறதே, 2004இல் ஜாவா 5 தந்த ஃபியூச்சர் அத்தகையது. ஆனால் அதன் கெட் மெத்தடை அழைத்தால், வேலை முடியும்வரை கடைவாசலிலேயே நிற்க வேண்டியதுதான். முடிந்ததும் அடுத்து நடக்க வேண்டியதைச் சீட்டோடு சேர்த்துச் சொல்லிவிட்டுப் போகும் வசதி, 2014இல் ஜாவா 8இன் கம்ப்ளீட்டபிள் ஃபியூச்சரோடுதான் வந்தது. பத்தாண்டுகள்!

சீட்டில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்பதே ஆழமான கேள்வி. கணினி ஆய்வாளர்கள் பார்பரா லிஸ்கோவும் லியூபா ஷ்ரீராவும் 1988இல் வடிவமைத்த ப்ராமிஸ் என்ற சீட்டு, கிடைக்கப்போகும் மதிப்பின் வகையை மட்டுமல்ல, நேரக்கூடிய பிழைகளின் வகையையும் முன்கூட்டியே அறிவித்தது. பிறருக்கு நாம் கொடுக்கும் எந்த உறுதியும், அது நிறைவேறும் வழியை மட்டும் சொல்லி, நிறைவேறாமல் போகக்கூடிய வழிகளைச் சொல்லாமல் விட்டால், கேட்பவரின் நம்பிக்கையைப் பெறுமே தவிர அந்த நம்பிக்கைக்கு உரியதாகாது. ரத்து செய்யும் மெத்தடில் இது இன்னும் கூர்மையாகிறது. பயனர் திரையை மூடிவிட்டார். நாமும் காத்திருப்பதை நிறுத்திவிட்டோம். ஆனால் பணம் அனுப்பச் சொன்ன கோரிக்கை அதற்குள் சர்வரை அடைந்திருக்கலாம், பணமும் போயிருக்கலாம். ஆகவே ரத்து என்பது ஒரு வேண்டுகோள் மட்டுமே என்பதையும், நடந்ததா இல்லையா என்று மறுபடி கேட்டறியும் வழியையும், அந்த இடைமுகம் தன்னிடமே வைத்திருக்க வேண்டும்.