நினைவும் நினைப்பிப்பவனும்



செங்கற்பட்டு நோக்கிச் செல்லும் மின்சார வண்டிக்காகப் பொத்தேரி நிலையத்தில் நிற்கும் ஒருவரை எண்ணிப் பார்மின். இளமையில் உடன்பயின்றார் ஒருவர் எதிர்ப்படுகின்றார். முகந் தெரிகின்றது; பெயர் நாவில் வரவில்லை. எத்துணை முயன்றும் வாராத அப்பெயர், வண்டி காட்டாங்குளத்தூரைக் கடந்து மறைமலை நகரை அடைந்து, ஆண்டுள்ள பலகையில் மறைமலையடிகள் திருப்பெயரைக் கண்டவளவில், தானே வந்து தோன்றுகின்றது. அடிகளது உரைநடையை அந்நண்பரோடு ஒருங்கிருந்து பாடங்கேட்ட நாளை அப்பலகை எழுப்பிற்று என்க.

அப்பெயர் அதுகாறும் எங்கிருந்தது? அழிந்ததெனின், பின்னர் வந்தவாறு யாங்ஙனம்? தன்வசத்ததெனின், வேண்டியபோழ்து வாராமை என்னை? ஆகலின், உள்ளதாயும் தன்வசமின்றி நிற்பது நினைவென்பதும், அதனை எழுப்புதற்குப் பிறிதொன்று வேண்டுமென்பதும் பெறப்படும்.

நினைவு பேழையில் இட்ட ஓலை போல்வதன்று. மூளையின் நரம்பணுக்களிடை இணைப்பு வலுப்பெறுதலாற் பதிந்து, நினைக்குந்தோறும் புதுவதாகப் புனையப்படுவது என்பர் இற்றைநாள் ஆராய்ச்சியாளர். அமெரிக்க நாட்டு ஹென்றி மொலேசன் என்பார்க்கு 1953-ஆம் ஆண்டில், காக்கைவலி தீர்த்தற்பொருட்டு மூளையின் இருபுறத்தும் ஒரு கூறு அறுத்தெடுக்கப்பட்டது. அதன்பின் 2008-இல் இறக்குமளவும், புதிதாகக் கண்டாரை அவர் நினைவிற் கொள்ளமாட்டாராயினார். எனினும், கண்ணாடியிற் பார்த்து உருவம் வரையும் பயிற்சியில், முன் பயின்றதனையே அறியாராய், நாடோறுந் தேர்ச்சியுற்றார். தம் நினைவு பழுதுற்றதென்பதையும் அவர் உணர்ந்திருந்தார்.

அற்றேல், நினைவு மூளையின் தொழிலே. உயிரென வேறொன்று வேண்டா எனின், அறியாது கூறினாய். மறந்தேன் என்று அறிவது யாது? இல்லாத நினைவு தன் இன்மையைத் தானே அறியாது. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்கள் மாயையின் காரியமாகிய சடம். உயிர் அவற்றுள் ஒன்றன்று, அமைச்சரொடு கூடிய அரசன்போல அவற்றொடு கூடி நிற்பது என மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரத்தில் நிறுவினார். கருவி பழுதுறின் தொழில் குன்றும், கருத்தா அழியான்.

உயிரும், சகசமலமாகிய ஆணவத்தால் மறைப்புண்டு, அறிவிக்க அறிவதேயன்றித் தானே அறியாது. நினைத்தலும் மறத்தலும் உயிர்க்கே உரியன. என்றும் உள்ளவாறறியும் இறைவற்கு அவ்விரண்டும் இல்லை.

இது வாதத்தளவில் நிற்பதன்று. முதுமையின் மறதிநோயால், பெற்ற மக்கள் பெயரையும் மறந்தாரை நம் இல்லங்களிற் காண்கின்றோம். ஐந்தெழுத்தையும் மறந்தார்க்குக் கதி யாது என மக்கள் மனங்கலங்குகின்றனர். கலங்கற்க. அவர் மறந்தாலும், அவரை அறிவோன் மறவான். முத்தி உயிரின் நினைவாற்றலுக்குக் கிடைக்கும் கூலியன்று, அவனருளின் பயனாம்.

அற்றேல் பயிற்சி எற்றுக்கெனின், பயின்றது நினைவு தளர்ந்த பின்னும் உதவும். அந்நோயுற்ற முதியோர் பலர், இளமையிற் பாடிப் பழகிய பாட்டைப் பிறர் எடுத்துக்கொடுக்கத் தொடர்ந்து பாடுதலை மருத்துவரும் கண்டுளர். ஆதலின், நாவும் செவியும் நலமுள்ள இந்நாளிலேயே திருமுறையை நாடோறும் ஓதுமின். மறந்த பெரியோர் அருகமர்ந்து, ‘என்னைத் தெரிகின்றதா?’ என வினவி வருத்தாது, அவர் பயின்ற பதிகத்தின் முதலடியை மெல்ல எடுத்துக்கொடுமின். அவர் பாடினும் பாடாதொழியினும், நினைப்பிப்பவனாகிய இறைவனது அருட்பணிக்கு நீவிர் அப்போழ்து கருவியாவீர்.

திருச்சிற்றம்பலம்.