காணாதவரின் குணம்

2022 மார்ச் மாதக் கடைசியில், ஒரே வாரத்துக்குள், ஹாலிவுட் நடிகர்கள் இருவரின் குணத்தை உலகம் அலசித் தீர்த்தது. மார்ச் 27 இரவு ஆஸ்கார் மேடையில் வில் ஸ்மித், தன் மனைவியின் மழித்த தலையைக் கேலி செய்த நகைச்சுவைக் கலைஞர் கிறிஸ் ராக்கைக் கன்னத்தில் அறைந்தார். பொழுது விடிவதற்குள் அந்த ஒரு அறைக்கு உளவியல் விளக்கங்கள் குவிந்துவிட்டன. சிலருக்கு அவர் நார்சிசிஸ்ட். வேறு சிலருக்கு, அப்பா அம்மாவை அடித்ததைப் பார்த்து வளர்ந்து, யாரையாவது காப்பாற்றிவிடத் துடிக்கும் பிள்ளை.

அதற்கு முதல் நாள் இன்னொன்று நடந்திருந்தது. மோசமான படங்களுக்குக் கேலி விருது கொடுக்கும் ராஸி அமைப்பு, புரூஸ் வில்லிஸுக்கென்றே தனிப் பிரிவு ஒன்றை உண்டாக்கி, 2021இல் அவர் நடித்து வெளியான எட்டுப் படங்களில் எதில் அவர் நடிப்பு படுமோசம் என்று தேர்ந்தெடுத்துச் சிரித்தது. வசனத்தை ஒப்புக்குச் சொல்கிறார், காசுக்காக எதையும் ஒப்புக்கொள்கிறார், அக்கறை போய்விட்டது என்பதுதான் அப்போதைய பேச்சு. மார்ச் 30 அன்று குடும்பத்தார் அறிக்கை விட்டார்கள்: அவருக்கு அஃபேசியா, பேசுவதும் பேச்சைப் புரிந்துகொள்வதும் பாதிக்கப்பட்டிருக்கின்றன, நடிப்பிலிருந்து விலகுகிறார். மறுநாள் ராஸி அந்த விருதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் நோயின் முழுப் பெயரும் வெளியானது: ஃபிரண்டோடெம்போரல் டிமென்ஷியா. அலட்சியம் என்று பார்த்தவர்கள் படித்தது ஒரு நோயின் அறிகுறியை.

நேரில் அறியாத ஒருவரின் நடத்தையை ஆளுமை மாதிரி ஒன்றை வைத்து விளக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது? பொழுதுபோக்குப் பேச்சுக்கு இவ்வளவு கனமான கேள்வி எதற்கு என்று தோன்றலாம். ஆனால், பேசப்படுகிறவருக்கு அது பொழுதுபோக்கு இல்லை.

முதலில் கருவியைப் பார்க்கலாம். இன்று அதிகம் புழங்குவது மையர்ஸ்-பிரிக்ஸ் வகைப்பாடு. உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட உளவியல் வகைகள் பற்றிய நூலை வைத்துக்கொண்டு காத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் உருவாக்கியது. இருவருமே உளவியலை முறையாகப் படித்தவர்கள் இல்லை. மனிதர்களைப் பதினாறு வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் நான்கு எழுத்து கொடுத்தார்கள். ஆய்வுலகம் இதைவிட அதிகம் நம்புவது ஐம்பெரும் பண்பு மாதிரியை. புதியதை ஏற்கும் மனம், பொறுப்புணர்வு, பிறரோடு கலக்கும் இயல்பு, இணக்கம், மனக்கலக்கம் என்ற ஐந்திலும் ஒருவர் எந்த அளவில் நிற்கிறார் என்று அது அளக்கப் பார்க்கிறது. பெட்டிக்குள் போட்டு மூடுவதில்லை. இரண்டுக்கும் பொதுவான நிபந்தனை ஒன்று உண்டு. கேள்வித்தாளை நிரப்ப வேண்டியவர் அந்த மனிதரே. ஐம்பண்பு மாதிரியில் அவரோடு நெருங்கிப் பழகியவர்களும் நிரப்பலாம்.

நடிகருக்காக அதை நிரப்புகிறவர் யார்? அவருடைய நான்கு பேட்டிகளையும் ஏழெட்டுப் படங்களையும் பார்த்த ரசிகர். படம் வெளியாவதற்கு முந்தின வாரம், விளம்பரத்துக்காக ஏற்பாடு செய்யப்பட்ட நாற்காலியில் உட்கார்ந்து, முன்கூட்டியே பேசிவைத்த கேள்விகளுக்கு அவர் சொன்ன பதில்கள்தான் தரவு. தமிழ் சினிமா பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புரியாத விஷயமில்லை. திரையில் கையைப் பிசைந்துகொண்டு கொடுமைக்கு மறுபெயராக நின்ற எம்.என். நம்பியார், வீட்டில் சைவ உணவுக்காரர்; ஆண்டுதோறும் சபரிமலைக்கு மாலை போட்டுப் போய், குருசாமியாகப் பலரை அழைத்துச் சென்றவர்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஒரே தீயில், ஒரே தண்ணீரில், ஒரே நேரம் வெந்த அரிசிக்கு அது சரி. மனிதருடைய நாட்கள் அப்படி ஒருசேர வேகுவதில்லை. அதோடு, பிரபலங்கள் விஷயத்தில் அந்த ஒரு சோற்றை எடுப்பதும் நாம் இல்லை. எடுத்து நம் கையில் வைக்கிறவர் வேறொருவர். அவருக்கு அதில் லாபமும் இருக்கிறது.

விமான நிலைய வாசலில் எடுத்த முப்பது விநாடி வீடியோ ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். கறுப்புக் கண்ணாடி, தொப்பி, கூடவே இரண்டு பேர். ஒரு பையன் ஓடிவந்து தோளோடு தோள் ஒட்டி செல்போனை உயர்த்துகிறான். நடிகர் அந்தக் கையைத் தட்டிவிட்டு வண்டியில் ஏறுகிறார். பிடிக்காதவர்கள் அதைத் திமிர் என்பார்கள். அவருடைய ரசிகர்களோ, அவர் இன்ட்ரோவர்ட், கூட்டம் அவருக்கு ஒத்துவராது என்பார்கள். ஆறு மணி நேரம் விமானத்தில் வந்தாரா, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா, அந்தப் பையனுக்கு முன்னால் எத்தனை பேர் அதே தோளில் இடித்தார்கள் என்பதெல்லாம் வீடியோவில் இல்லை. இல்லாததை இட்டு நிரப்பத்தான் 'குணம்' வந்து நிற்கிறது. கவனித்தால், இங்கே ஆளுமை மாதிரி தாக்கவும் பயன்படுகிறது, தற்காக்கவும் பயன்படுகிறது. முன்பே எடுத்த முடிவுக்கு இரண்டு தரப்பினரும் அறிவியல் சட்டை மாட்டிவிடுகிறார்கள்.

சூழலை மறந்து குணத்தைப் பிடித்துக்கொள்ளும் இந்தப் பழக்கம் எவ்வளவு ஆழமானது என்பதை 1967இல் ஜோன்ஸ், ஹாரிஸ் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கியூபத் தலைவர் ஃபிடல் காஸ்ட்ரோவை ஆதரித்தோ எதிர்த்தோ எழுதிய கட்டுரைகளை மாணவர்களிடம் கொடுத்து, எழுதியவரின் உண்மையான கருத்து என்னவாக இருக்கும் என்று கேட்டார்கள். எந்தப் பக்கம் எழுத வேண்டும் என்பதை எழுதியவர் தேர்ந்தெடுக்கவில்லை, அது அவருக்கு விதிக்கப்பட்டது என்று சொன்ன பிறகும், ஆதரித்து எழுதியவர் மனத்தளவிலும் ஆதரவாளராகவே இருப்பார் என்ற பக்கம்தான் மாணவர்கள் சாய்ந்தார்கள். கட்டாயம் கண்ணுக்கு நேரே தெரிந்தபோதே இந்த நிலை. பிரபலங்களின் ஒப்பந்தமும் மேலாளரும் மருந்துச்சீட்டும் நம் கண்ணில் படுவதே இல்லை.

விளக்கம் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறதே என்று கேட்கலாம். பொருந்துவது ஒன்றும் அதிசயம் இல்லை. 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தன் மாணவர்களுக்கு ஆளுமைத் தேர்வு ஒன்றை வைத்து, ஒவ்வொருவரிடமும் அவரவர் குணச் சித்திரத்தைத் தந்தார். எவ்வளவு பொருத்தம் என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லாருக்கும் கொடுத்தது ஒரே தாள். அதிலிருந்த வாசகங்களைக் கடையில் கிடைத்த ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். வார ராசிபலனில் தன்னைக் கண்டுகொண்ட அனுபவம் உள்ளவர்களுக்கு அந்த மாணவர்களைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றாது.

இதற்கு மறுபக்கம் இருக்கிறது. அதைத் தள்ளிவிடுவது நேர்மையாகாது. ஒருவர் ஏன் அப்படி நடந்தார் என்று யோசிப்பது, திட்டுவதைவிட நல்லது. கூச்ச சுபாவம் என்ற ஒன்று உண்டு என்று தெரிந்தவர், விலகி நிற்பவரைத் திமிர்பிடித்தவர் என்று உடனே சொல்லமாட்டார். 2021 பிரெஞ்சு ஓப்பனில் டென்னிஸ் வீராங்கனை நவோமி ஒசாகா செய்தியாளர் சந்திப்புக்குப் போக மறுத்து 15,000 டாலர் அபராதம் கட்டினார். கொழுப்பு என்றார்கள் பலர். போட்டியை விட்டே விலகியபோது, 2018 முதல் மனச்சோர்வால் அவதிப்பட்டதையும், தான் உள்ளொடுங்கிய சுபாவம் உள்ளவர் என்பதையும் அவரே எழுதினார். அதே ஆளுமை மாதிரி, அதே வகைப்பெயர். ஆனால் சொன்னவர் அந்த வாழ்க்கைக்குச் சொந்தக்காரர். அவர் சொன்னதைக் கொண்டு அவரைப் புரிந்துகொள்வதில் யாருக்கும் குற்றமில்லை.

நகைச்சுவை நடிகர் ராபின் வில்லியம்ஸுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. 2014 ஆகஸ்டில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டபோது, உலகம் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னது: ஊரைச் சிரிக்க வைத்தவன் உள்ளுக்குள் அழுதான். நகைச்சுவைக் கலைஞர்களின் ஆளுமையே அப்படித்தான் என்று கட்டுரைகள் வந்தன. பிரேதப் பரிசோதனையில் மூளையில் லூயி பாடி நோய் பரவியிருந்தது தெரிந்தது. கடைசி மாதங்களில் அவரைப் பிடித்திருந்த பயத்தையும் குழப்பத்தையும், வசனம் நினைவில் நிற்காமல் அவர் பட்ட பாட்டையும் அவர் மனைவி 2016இல் ஒரு நரம்பியல் இதழில் எழுதினார். சோகக் கோமாளிக் கதை அழகாகத்தான் இருந்தது. அந்த அழகுக்காகவே அது இன்னும் உயிரோடு இருக்கிறது. திருத்தம் அவ்வளவு தூரம் போய்ச் சேரவில்லை.

இதில் காயப்படுகிறவர் பிரபலம் மட்டும் இல்லை. 'பைபோலார்', 'நார்சிசிஸ்ட்' என்ற சொற்கள் வசைச் சொற்களாகப் புழங்கும் வீட்டில், அதே பெயருள்ள நோய்க்கு மாத்திரை சாப்பிடும் ஒருவர் அடுத்த அறையில் இருக்கலாம். டிவியில் வரும் நடிகையைப் பார்த்து "இது சரியான பைபோலார்" என்று அண்ணன் சிரிப்பதைக் கேட்டபின், அந்தத் தங்கை தன் மருந்துச்சீட்டை அவனிடம் காட்டத் தயங்குவாள்.

அப்படியானால் யாருடைய குணத்தையும் எடை போடவே கூடாதா? வள்ளுவர் அப்படிச் சொல்லவில்லை. குணத்தையும் குற்றத்தையும் ஆராய்ந்து மிகுந்தது எதுவென்று பார்க்கச் சொல்கிறார். அதை எங்கே சொல்கிறார் என்பதுதான் முக்கியம். பொருட்பாலில், தெரிந்துதெளிதல் என்ற அதிகாரத்தில். அடுத்த அதிகாரம் தெரிந்துவினையாடல். அதாவது, ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைக்கப் போகிறவர் அவரை ஆராய்ந்தே ஆக வேண்டும். ஒப்படைக்க எதுவும் இல்லாதபோது, அந்த மனிதர் எதிரில் இல்லாதபோது, அவருடைய குற்றம் பேசுவதற்கு அறத்துப்பாலில் புறங்கூறாமை என்று வேறு அதிகாரமே இருக்கிறது. ஒரு நடிகையின் மணமுறிவுக்கு அவருடைய 'ஆளுமை வகை' காரணமா என்று விவாதிக்கும் பேச்சு, எத்தனை கலைச்சொல் சேர்த்தாலும், இந்தப் புறங்கூறாமை அதிகாரத்தில்தான் போய் விழும்.

ஆட்சிக்கு வர விரும்புகிறவர் விஷயம் இவ்வளவு எளிதல்ல. அவரிடம் ஊரையே ஒப்படைக்கிறோம். அவர் குணத்தை ஆராய நமக்கு உரிமை மட்டுமல்ல, கடமையும் உண்டு. அமெரிக்காவில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போனது. 1964 அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளர் பாரி கோல்ட்வாட்டர். ரால்ஃப் கின்ஸ்பர்க் நடத்திய 'ஃபாக்ட்' என்ற இதழ், நாட்டிலுள்ள 12,356 மனநல மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதி, அதிபராக இருக்கும் மனத்தகுதி கோல்ட்வாட்டருக்கு உண்டா என்று கேட்டது. 2,417 பதில்கள் வந்தன. தகுதி இல்லை என்றவர்கள் 1,189 பேர். அந்த எண்ணையே அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டார்கள். அவரை ஒருநாளும் பரிசோதிக்காத மருத்துவர்கள் அவருக்குச் சந்தேக நோய் என்று எழுதினார்கள். ஹிட்லரோடும் ஸ்டாலினோடும் ஒப்பிட்டவர்களும் உண்டு.

கோல்ட்வாட்டர் தேர்தலில் தோற்றார், வழக்கில் வென்றார். 1968இல் நடுவர் குழு இழப்பீடாக ஒரு டாலரும், தண்டனைத் தொகையாக 75,000 டாலரும் விதித்தது. 1973இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் ஒழுக்க விதிகளில் ஒன்றைச் சேர்த்தது: நேரில் பரிசோதிக்காமலும், முறையான ஒப்புதல் பெறாமலும், பொதுவாழ்வில் உள்ள ஒருவரைப் பற்றித் தொழில்முறைக் கருத்துச் சொல்லக் கூடாது. கோல்ட்வாட்டர் விதி என்றே அதற்குப் பெயர். மனத்தகுதி இல்லை என்று சொல்லப்பட்ட அதே மனிதர்தான் 1974 ஆகஸ்டில் பதவிநீக்கத்தை எதிர்நோக்கியிருந்த, தன் கட்சிக்காரரான அதிபர் நிக்சனிடம் நேரில் போய், செனட்டில் உங்களுக்கு ஆதரவு இல்லை என்ற உண்மையைச் சொன்ன மூவரில் ஒருவர்.

2017இல் இருபத்தேழு மனநல வல்லுநர்கள் சேர்ந்து டிரம்ப் பற்றிப் புத்தகம் போட்டபோது இந்த விதி மறுபடி விவாதத்துக்கு வந்தது. ஆபத்து தெரிந்தால் எச்சரிப்பது மருத்துவரின் கடமை என்பது அவர்கள் வாதம். வலுவான வாதம்தான். ஆனால் ஆள்பவரின் உத்தரவு, வாக்கு, மேடைப் பேச்சு, நியமனம் எல்லாம் ஆவணமாக இருக்கின்றன. அவற்றைப் படித்து 'இவர் ஆபத்தானவர்' என்று சொல்லக் குடிமகனுக்குப் பட்டம் தேவையில்லை. நோயின் பெயரைச் சேர்ப்பதால் சான்று ஒரு துளியும் கூடுவதில்லை. சொல்கிறவரின் அதிகாரம்தான் கூடுகிறது.

1964இல் தகுதி இல்லை என்று எழுதிய 1,189 பேரைத்தான் வரலாறு குற்றம் சொல்கிறது. தகுதி உண்டு என்று எழுதிய 657 பேரும் அதே தவறைத்தான் செய்தார்கள். மீதி 571 பேர், தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு அவரைப் பற்றித் தங்களுக்குத் தெரியாது என்று பதில் எழுதினார்கள். பதில் அனுப்பியவர்களில் மருத்துவராக நடந்துகொண்டவர்கள் அவர்கள் மட்டும்தான்.